கே-லுசாக்கின் குடுவைகள்

1804 செப்டம்பர் 16 அன்று பாரிஸிலிருந்து ஹைட்ரஜன் பலூனில் தனியாக ஏறிய வேதியியலாளர் கே-லுசாக், காற்றை உறிஞ்சியெடுத்து மூடிய கண்ணாடிக் குடுவைகளைக் கொண்டுபோனார். 6,500 மீட்டருக்கு மேல் திறந்து காற்றைப் பிடித்தார். உயரப் போகப் போக ஆக்சிஜன் விகிதம் குறையும் என்ற ஊகம் அப்போது இருந்தது. பகுப்பாய்விலோ தரைக்காற்றின் விகிதமே வந்தது. அந்தப் பயணத்தின் பெருமையை நான் குடுவையின் மூடிக்கே கொடுப்பேன். இறங்கும்போது கீழ்க்காற்று கசிந்திருந்தாலும் விகிதம் ஒன்றாகத்தானே வரும்? நியாயமான சந்தேகம். ஆனால் தண்ணீருக்குள் வைத்துத் திறந்தபோது, பாதிக் குடுவைக்குத் தண்ணீர் ஏறியது. கசிந்திருந்தால் ஏற இடமேது? அவர் எட்டிய ஏழு கிலோமீட்டர் உயரம் மேல்வளிமண்டலம் ஆகாது என்பதும் சரிதான். ஆனால் 2005இல் ஹைதராபாத்திலிருந்து ஏறிய பலூன் 41 கிலோமீட்டர் வரை காற்றைப் பிடித்தது. அதன் எஃகுக் குழாய்களும் காற்றை அகற்றி மூடப்பட்டவைதாம். திரவ நியான் அவற்றைக் குளிர்வித்து மெல்லிய காற்றை உள்ளே இழுத்தது.