காந்தள், தழை, கலிங்கம்: மனம் ஒவ்வாத பரிசும் சங்கப் பாடல்களும்

சென்ற மாதம் முதுகலை மாணவர்களுக்குக் குறுந்தொகையின் முதற்பாடலை நடத்தி முடித்தபோது, மறையூர்ப் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் மாணவி ஒருவர் எழுந்து கேட்டார்: "சார், ஆசையாகக் கொண்டுவந்த பூவை, எங்கள் மலையிலேயே நிறையக் கிடக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்புவது மரியாதைக் குறைவு இல்லையா? என் அக்காவின் பிறந்தநாளுக்கு அத்தான் குக்கர் வாங்கித் தந்தார். அக்கா சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தாள். இரவில் அழுதாள். திருப்பிக் கொடுக்கவா முடியும்?" வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அன்று என்னிடம் தக்க விடை இருக்கவில்லை. அவருடைய ஒப்புதலோடு அக்கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

1. பிறந்தநாளில் யார் கொடுப்பது?

பிறந்தநாள் கொண்டாட்டம் ஆங்கிலேயர் வழி வந்தது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. தொல்காப்பியப் புறத்திணையியல், பாடாண் திணையின் துறைகளை எண்ணும் இடத்தில், அரசனது பிறந்தநாள் பெருமங்கலத்தையும் ஒன்றாக எண்ணுகிறது. அந்நாளில் அவன் செற்றம் நீக்கியிருப்பான் என்பது அதனோடு சேர்ந்த குறிப்பு. புறப்பொருள் வெண்பாமாலை இதனை நாண்மங்கலம் என்னும். வெள்ளணி அணிதல், சிறைப்பட்டோரை விடுவித்தல், இரந்தோர்க்கு வேண்டியது கொடுத்தல் ஆகியவற்றை உரைமரபு இந்நாளோடு இணைத்துப் பேசுகிறது.

இங்கே கருதத்தக்கது திசை. பிறந்தவன் கொடுக்கிறான், சூழ்ந்திருப்போர் பெறுகின்றனர். இன்றைய வழக்கில் இத்திசை தலைகீழாகிவிட்டது. பிறந்தவர் பெறுபவராகவும், அவரை நன்கறிந்தவராகக் கருதப்படும் துணைவர் கொடுப்பவராகவும் ஆகிவிட்டனர். ஆகவே மாணவியின் அக்காவுக்கு நேர்ந்ததை அரசனின் நாண்மங்கலத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை. இணையர் இருவருக்கிடையே பொருள் கைமாறும் இடங்களைத் தேட வேண்டும். சங்கப் பாடல்களில் அவ்விடத்துக்கு ஒரு பெயர் உண்டு: கையுறை.

2. காந்தள்: மறுக்கப்பட்ட பூ

தலைவன் தலைவிக்காகக் கொண்டுவரும் பூவும் தழையும் கையுறை எனப்படும். அதனை அவன் நேரே தலைவியிடம் கொடுப்பதில்லை. தோழியிடம் கொடுத்து அவள் துணையை வேண்டுகிறான். தோழி அதனை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். மறுப்பதற்கென்று ஒரு துறையே வகுக்கப்பட்டிருக்கிறது. குறுந்தொகையைத் தொகுத்தோர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து முதலாவதாக வைத்த திப்புத்தோளார் பாடல் இத்துறையைச் சேர்ந்தது. எட்டுத்தொகை நூல் ஒன்று மறுக்கப்பட்ட பரிசோடு தொடங்குகிறது என்பதை நாம் போதிய அளவு கவனித்ததில்லை என்று தோன்றுகிறது.

அப்பாடலில் தோழி தலைவனைக் குறை கூறுவதில்லை. போர்க்களம், அம்பு, யானையின் கொம்பு என்று எல்லாம் சிவந்து கிடக்கும் காட்சியை அடுக்கி, அவற்றுக்குரிய முருகனின் மலை இது என்கிறாள்; இம்மலை குருதிநிறக் காந்தளை உடையது என்று முடிக்கிறாள். வேண்டாம் என்ற சொல் பாடலில் இல்லை. எங்களிடம் இருப்பதையே எங்களுக்குக் கொண்டுவந்திருக்கிறாய் என்னும் பொருள் கேட்பவனுக்குத் தானே விளங்கும்.

இக்காந்தளை மாணவி நன்கறிவார். மலையாளத்தில் மேந்தோன்னி. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கண்வலிக்கிழங்கு அல்லது கலப்பைக்கிழங்கு. மழைக்காலத்தில் மலைச்சரிவு வேலிகளில் தானே ஏறிப் படர்ந்து, பசுமையில் தொடங்கி மஞ்சளாகிச் சிவக்கும் பூ. தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் அதுவே. அழகில் அதற்குக் குறைவில்லை. ஆனால் குறிஞ்சி நிலத்துப் பெண்ணுக்கு அது அன்றாடம் கண்ணில் படும் பொருள். அதைப் பறித்து வந்தவன் பூவைப் பார்த்தான். பெறுபவள் எந்த மலையில் வாழ்கிறாள் என்பதைப் பார்க்கவில்லை. குக்கரின் குறையும் இதுவே எனலாம். விலை போதாமல் அக்கா அழவில்லை. நாள்தோறும் நிற்கும் அடுப்படியையே தாளில் சுற்றி அவள் கையில் கொடுத்ததால் அழுதாள்.

மறுப்பின் நோக்கத்தையும் பார்க்க வேண்டும். உறவை முறிப்பது தோழியின் எண்ணமன்று. களவிலேயே நாள் கடத்தாமல் வரைவுக்கு, அதாவது ஊரறிந்த மணத்துக்கு, தலைவனை நகர்த்துவது அவள் கடமை. பூ போதாது, நீ வர வேண்டும் என்பதே மறுப்பின் உட்பொருள். மார்செல் மோஸ் 1925-இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற கட்டுரையில், கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் என்ற மூன்று கடப்பாடுகளின் மேல் பரிசு இயங்குகிறது என்றார். ஏற்க மறுப்பது பகையை அறிவிப்பதற்கு ஒப்பானது என்பது அவர் கண்ட முடிவு. குறுந்தொகை இதற்கு ஒரு மாற்று வழியைக் காட்டுகிறது. மறுப்பை மூன்றாமவர் ஒருவர் வாயில் வைத்துவிட்டால் பகை விளைவதில்லை. தலைவி பேசவில்லை, தோழிதான் பேசினாள். தலைவன் நாளை மீண்டும் வரலாம்.

3. தழை: ஏற்கவும் மறுக்கவும் இயலாதது

நற்றிணை 359-ஆம் பாடலில் கபிலர் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறார். தலைவன் உடுப்பதற்குத் தழை கொணர்ந்திருக்கிறான். உடுத்தால் தாய்க்கு அஞ்ச வேண்டும். திருப்பிக் கொடுத்தால் அவன் படும் துயருக்கு அஞ்ச வேண்டும். இரண்டுக்கும் நடுவே தழை வாடிக்கொண்டிருக்கிறது.

அத்தழை எங்கே பறிக்கப்பட்டது என்பதைக் கபிலர் சொல்லாமல் விடவில்லை. வருடையும் பாயாத, அச்சம் தரும் பாறை அடுக்கிலிருந்து பறித்து வந்த அரிய தழை அது. வருடை என்பது வரையாடு என்று அறிஞர் கொள்வர். இரவிகுளத்துப் பாறைகளில் அவ்விலங்கு நிற்பதைக் கண்டவர்களுக்கு இவ்வடியின் எடை தெரியும். மனிதர் கால் வைக்கத் தயங்கும் செங்குத்துப் பாறையில் அது எளிதாகத் தாவும். அதுவே பாயாத இடத்துக்கு ஒருவன் இலை பறிக்கப் போயிருக்கிறான். முதற்பாடலின் காந்தளுக்கும் இத்தழைக்கும் உள்ள வேற்றுமை இங்கே புலப்படும். இரண்டும் காசு கொடுத்து வாங்காதவை. ஒன்று வழியில் கிடைத்தது, மற்றொன்று தேடிப் பெற்றது. முன்னதைத் தோழி எளிதில் மறுத்தாள். பின்னதை மறுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இப்பாடலின் தொடக்கத்திலும் காந்தள் வருகிறது. மலையில் மேய்ந்த பசுவின் மேல் காந்தளின் தாது உதிர்ந்து படிகிறது. கன்று தன் தாயை அடையாளம் காணாமல் மருள்கிறது. மிக நெருங்கியவரை அறியாமல் போதல் என்னும் இக்காட்சியை, தழை தந்தவனின் நாட்டை வருணிக்கும் அடையாகக் கபிலர் வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

4. கலிங்கம்: மயிலுக்குக் கிடைத்தது, மனைவிக்குக் கிடைக்காதது

மணத்துக்குப் பிந்தைய நிலைக்கு வருவோம். இதற்குரிய சான்று இடுக்கியின் கிழக்கெல்லையைத் தொட்டு நிற்கும் பழனி மலைத்தொடரில் இருக்கிறது. வையாவிக் கோப்பெரும் பேகன் ஆவியர் குடியினன். அக்குடிக்குரிய பொதினியே இன்றைய பழனி என்பர். மயிலுக்குப் போர்வை தந்த அவன் செயலைச் சிறுபாணாற்றுப்படை எழுவர் வள்ளல்களின் வரிசையில் வைத்துப் போற்றுகிறது. பள்ளிப் பாடநூல் வழியாக நாம் அனைவரும் அறிந்த கதை அது.

பாடநூல் பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும். புறநானூறு நிற்பதில்லை. 141, 142-ஆம் பாடல்களில் பரணர் அவன் கொடையைப் பாடுகிறார். 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்கள் அவனால் கைவிடப்பட்ட மனைவிக்காகப் பாடப்பட்டவை. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் இதில் ஒருமுகமாக நிற்கின்றனர். கண்ணகி என்ற அவள் பெயர் பாடல்களுக்குள் வரவில்லை; பின்னர்ச் சேர்ந்த கொளுக் குறிப்புகளில் மட்டுமே காணப்படுகிறது. மயிலின் பெயர் பாட்டில் நிற்க, மனைவியின் பெயர் அடிக்குறிப்புக்குப் போனது.

143-இல் கபிலர் பேகனின் மலையைப் பாடியபோது ஒரு பெண் அழுகிறாள். யாரவள் என்று அவனையே கேட்கிறார். 144-இல் பரணர், நீ பேகனுக்கு உறவோ என்று அப்பெண்ணிடம் வினவுகிறார். அவள் கண்ணீரை விரலால் துடைத்துக்கொண்டு, யாம் அவன் உறவினர் அல்லேம் என்கிறாள்; எம்போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி அவன் வேற்றூருக்குப் போய் வருவதாகச் சொல்லக் கேட்கிறோம் என்கிறாள். மனைவி தன்னைக் கணவனுக்கு அயலாள் என்று அறிவிக்கும் அவ்விடத்தை வகுப்பில் என்னால் இயல்பான குரலில் படிக்க முடிந்ததில்லை.

145-இல் பரணர் மயிலுக்குப் போர்வை தந்த அதே செயலை மீண்டும் நினைவூட்டிப் பேசத் தொடங்குகிறார். புகழாகத் தோன்றும் தொடக்கம் விரைவில் குற்றச்சாட்டாகிறது. பசித்து வரவில்லை, சுற்றத்தைத் தாங்கும் சுமையும் இல்லை, இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே நாங்கள் இரக்கும் பரிசில் என்கிறார். அரிசில்கிழாரோ அணிகலனும் செல்வமும் வேண்டா என்று வெளிப்படையாகவே சொல்கிறார். எனக்குத் தர விரும்பினால் தேரில் குதிரையைப் பூட்டு என்பது அவர் வேண்டுகோள். பூச்சூடாத அவள் கூந்தல் மீண்டும் பூச்சூட வேண்டும் என்பது பெருங்குன்றூர்கிழார் பாடலின் சாரம்.

பரிசிலை நம்பி வாழ்ந்தோர் தமக்குரியதை விட்டுக்கொடுத்து அதன் இடத்தில் வேறொருத்தியின் உரிமையைக் கேட்டனர். இதனைப் புலவரின் பெருந்தன்மை என்று மட்டும் படித்தல் போதாது. வள்ளன்மை என்ற கருத்துக்குள்ளேயே அவர்கள் ஒரு விரிசலைக் கண்டனர். குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை தருபவன் உள்ளம் இளகியவன்தான். ஆனால் மயிலுக்குப் போர்வை தேவையில்லை. மனைவியின் தேவை அவன் அறிந்தது. அங்கே அவன் கொடுக்கவில்லை. ஊரார் காணும் இடத்தில் பெருகும் கொடை வீட்டுக்குள் வற்றிவிடுவது இன்றைக்கும் பழகிய காட்சிதான். அதே சமயம் ஒன்றை மறைக்கக் கூடாது. நால்வரும் ஆண்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்தனர். அவன் திரும்பி வருவதை அவள் விரும்பினாளா என்று எந்தப் பாடலும் அவளிடம் கேட்கவில்லை.

5. மனை கிழவோள் கையில்

பரிசு பெற்றவரே மறுக்கும் குரல் பெருஞ்சித்திரனாருடையது. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரில் காணாமலே பொருள் கொடுத்தனுப்பியபோது அவர் ஏற்கவில்லை. தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்றும், தம் தகுதியறிந்து தருவதாயின் தினையளவும் இனிது என்றும் புறநானூறு 208-இல் கூறுகிறார். இளவெளிமான் சிறிது கொடுத்தபோதும் மறுத்தார். பிறகு குமணனிடம் யானை பெற்று வந்து, அதனை இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டிவிட்டுப் போனார்.

இதே புலவரின் வீட்டு நிலையை 159-ஆம் பாடல் சொல்கிறது. மனைவி குப்பைக் கீரையின் இளந்தளிரைக் கிள்ளி, உப்பின்றி வேகவைக்கிறாள். அவ்வீட்டுக்கு ஒருநாள் குமணனின் செல்வம் வந்து சேர்கிறது. குமணனின் முதிரமலையை உடுமலைப்பேட்டைப் பகுதியோடு இணைத்துக் கருதுவோர் உண்டு. மறையூரிலிருந்து சின்னாறு வழியே மலையிறங்கினால் நாம் வந்து சேரும் சமவெளி அது.

163-ஆம் பாடல் அந்நாளில் அவர் மனைவியிடம் பேசிய பேச்சு. உன்னை விரும்புவோர்க்கும், நீ விரும்புவோர்க்கும், முன்பு கடன் தந்தோர்க்கும் கொடு, இன்னார் என்று பாராமல் கொடு, என்னிடம் கேட்டுக்கொண்டிராதே, நாளைக்கென்று சேர்த்துவைக்கவும் எண்ணாதே. அவளை அவர் விளிக்கும் பெயர் மனைகிழவோய், அதாவது வீட்டுக்கு உரியவளே. நெடுநாள் பசியில் இருந்தவளுக்கு அவர் கொண்டுவந்து தந்தது பொருள் மட்டுமன்று. அதனைத் தன் விருப்பம்போல் செலவிடும் உரிமையும் சேர்ந்தே வந்தது. இணையர் இடையிலான கொடையைப் பேசும் சங்கப் பாடல்களில் இதற்கு இணையாக வேறொன்றை என்னால் சொல்ல இயலவில்லை.

6. மாணவிக்கு

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தோழி செய்தது மரியாதைக் குறைவு அன்று. சொல்லத் தெரிந்த ஒருவர் நடுவில் இருந்ததால் தலைவி இரவில் தனியே அழ வேண்டியிருக்கவில்லை. இன்றைய மணவாழ்வில் நாம் இழந்தது அந்த மூன்றாம் இடம். கணவன் கொடுக்கிறான், மனைவி அவன் முகத்துக்கு நேரே மகிழ வேண்டும். மகிழாவிட்டால் நன்றியற்றவள் ஆகிறாள். மறுப்பதற்கு மரபில் இருந்த வழி அடைபட்டு, ஏற்கும் கடப்பாடு மட்டும் எஞ்சிவிட்டது.

குக்கரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அத்தானிடம் பேச அக்காவுக்கு ஒரு தோழி வேண்டும். அத்தோழி நீங்களாகவும் இருக்கலாம். குறைகூறத் தேவையில்லை. எங்கள் மலையில் காந்தள் நிறையப் பூக்கும் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அடுத்த ஆண்டு பிறந்தநாளுக்கு முன் என்ன வேண்டும் என்று அவர் அக்காவிடமே கேட்டால் போதும்.

கையுறை மறுக்கும் பாடல்கள் அகநானூற்றிலும் ஐங்குறுநூற்றிலும் வேறு எவ்வெவ்விடங்களில் எவ்வாறு அமைகின்றன என்பதை அறிந்த நண்பர்கள் பின்னூட்டத்தில் எழுதினால் எனக்கும் மாணவர்களுக்கும் உதவியாக இருக்கும்.