இறாத்தலின் பக்கத்தில் கிராம்

நம்மவர் கடையிலே இன்றும் ‘ஓர் இறாத்தல் பாண்’ என்றே கேட்கின்றனர். நம் நாட்டில் இறாத்தற் படிக்கல் வழக்கொழிந்தும் சொல் ஒழிந்திலது. ஐக்கிய அமெரிக்காவிலோ அளவே ஒழியவில்லை. அங்கு விற்கும் உணவுப் பெட்டியொன்றை எடுத்துப் பார்ப்பின், 16 அவுன்சு என்றெழுதி, அருகே 454 கிராம் என்றும் காட்டியிருப்பர். ஒரே லேபலில் இவ்விரண்டும் குடிபுகுந்த வரலாறு சுவையானது.

மெற்றிக் முறை அந்நாட்டுக்குப் புதியதன்று. 1866-ல் அது சட்டப்படி செல்லுபடியாயிற்று. 1893-ல் இறாத்தலையே கிலோகிராமைக் கொண்டு வரையறுத்தனர். 1959 முதல் ஓர் இறாத்தல் 0.45359237 கிலோகிராம். எனவே, மெற்றிக்கை ஏற்கோம் என வாதிடுவோர் கையிலுள்ள இறாத்தலும் கிலோகிராமின் பிள்ளையே!

நிற்க, வாங்குவோர்க்கு உற்ற இடர் வேறு. முன்னாளிற் கடைக்காரர் கண்முன்னே தராசிலிட்டு நிறுத்தார். பின்னர், அடைத்து வைத்த பொதியைத் தாமே எடுக்கும் அங்காடிகள் பெருகின. இனிப் பொதியே வாய்திறந்து அளவு சொல்லவேண்டும். அதுவோ ‘ஜம்போ குவாட்’, ‘முழுக் கலன்’ என்று வீம்பு பேசிற்று. குவாட் என்பது குறித்த ஓர் அளவு. அதில் ஜம்போ ஏது? மிச்சிகன் செனற்றர் பிலிப் ஹார்ட் 1961-ல் விசாரணை தொடங்கி ஐந்தாண்டுகள் போராடினார். அதன் பயனாக, 1966 நவம்பர் 3-ல் ஜனாதிபதி ஜோன்சன் நேர்மையான பொதியிடற் சட்டத்தில் ஒப்பமிட்டார். உள்ளிருக்கும் அளவை முன்பக்கத்திலே தெளிவாகக் காட்டவேண்டும். அதனோடு மிகைச்சொல் சேரலாகாது என்றாயிற்று.

ஆயினும் அவுன்சின் குழப்பம் தீர்ந்திலது. நிறைக்கும் கொள்ளளவுக்கும் அதே பெயர்: முன்னையது 28.35 கிராம், பின்னையது 29.57 மில்லிலீற்றர். கலனும் அப்படியே. நம் முதியோர் அறிந்த ஆங்கிலக் கலன் 4.546 லீற்றர், அமெரிக்கக் கலனோ 3.785 லீற்றர்தான்.

1975-ல் மெற்றிக்குக்கு மாறுதற்கு ஒரு சட்டம் வந்தது. அது கட்டாயப்படுத்தவில்லை, அதற்கென அமைத்த சபையும் 1982-ல் மூடப்பட்டது. சாராயப் போத்தல்களோ 1980 முதல் முற்றாக மில்லிலீற்றருக்கு மாறிவிட்டன. மதுவிலக்குப் பேசும் நாம் இதனைப் புகழ்வது எங்ஙனம்?

1992-ல் பொதியிடற் சட்டத்தைத் திருத்தி, 1994 பெப்ரவரி 14 முதல் இரு அளவுகளையும் அச்சிடுமாறு விதித்தனர். அவ்விதி இன்றும் நிற்கிறது. கடையிலேயே நிறுத்துக் கட்டும் இறைச்சி, பாற்கட்டி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அங்கே இறாத்தல் தனித்தே வீற்றிருக்கலாம்.