விறலிவிடு தூது

சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று. தாசியிடம் பொருளைப் பறிகொடுத்தவன், ஊடியிருக்கும் மனைவியைச் சமாதானப்படுத்த, ஆடல் பாடலில் வல்ல விறலியைத் தூது அனுப்புவதாகக் கலிவெண்பாவில் பாடப்படுவது. காசுக்காகக் காதலிப்பதுபோல் நடிக்கும் கதையைத் தமிழில் இவ்வளவு விரிவாகச் சொன்ன வகை வேறில்லை எனலாம்.

கரு பழையது. திருக்குறளின் 92ஆம் அதிகாரம் விலைமகளிரைப் பற்றிய ‘வரைவின் மகளிர்’. சிலப்பதிகாரத்தில், 1,008 கழஞ்சு பெறும் மாதவியின் மாலையைக் கூனி ஒருத்தி தெருவில் நின்று விற்கிறாள், கோவலன் வாங்குகிறான். ஆனால் மாதவி பொருளாசையால் வஞ்சித்தவள் அல்லள். பொருளைத் தொலைத்தவன் கோவலனே. சிலம்பு விற்க மதுரைக்கு வந்து கொலையுண்டான். காஷ்மீரத்துத் தாமோதரகுப்தரின் ‘குட்டனீமத’த்தில் தாசிக்குக் கிழவி சொல்லும் போதனையே நூலாகிவிடுகிறது.

நாயக்கர், பாளையக்காரர் காலத்தில்தான் இக்கதை தனி இலக்கியமாகச் செழித்தது. மதுரையிலிருந்து பரவை, வாடிப்பட்டி தாண்டினால் வரும் நிலக்கோட்டையின் பாளையக்காரர்மேல் சுப்ரதீபக் கவிராயர் பாடிய ‘கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது’ பெயர்பெற்றது. இவர் வீரமாமுனிவருக்குத் தமிழ் கற்பித்தவர் என்பர், எல்லோரும் ஏற்பதில்லை.

இவ்வகை நூல்களின் உயிர், தாசியின் தாயான தாய்க்கிழவி. எப்போது அழுவது, எந்தச் சாக்கில் நகை கேட்பது, எந்த நேரத்தில் முகத்தைத் திருப்புவது என்று மகளுக்குப் பாடம் நடத்துவாள். மசியாதவனுக்கு மருந்தும் உண்டு. மடி காலியானதும் வாசலுக்கு வெளியே தள்ளுபவளும் அவளே. காதல் வசனங்களைவிட இவள் வசவுகளில் பேச்சுத்தமிழ் துள்ளுகிறது.

வெறுங்கையனாய் நிற்பவன் பாட்டுடைத் தலைவனை நாடிப் பரிசு பெறுவான்; புரவலர் புகழ் உள்ளே நுழைவது இவ்வழியில். கவிராயர்களின் கெட்டிக்காரத்தனம் இது. நகையும் பொன்னும் இழந்த மனைவிக்குக் கிடைப்பதோ தூதின் கடைசிப் பகுதி மட்டும்.

ராமநாதபுரம் சேதுபதிமேலும் இத்தகைய தூது உண்டு.

இதே கருவைக் கொண்டு 1936இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவல் வெளிவந்தது. மோசவலையை அம்மையாரும் மறைக்கவில்லை; ஆனால் தாசி குலத்தில் வளர்ந்த அவர், பெண்களை அத்தொழிலில் தள்ளிய வழக்கத்தையே ஒழிக்கக் கேட்டார். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. திரையில் இக்கதையின் சாயல், 1954இல் வெளியான ‘ரத்தக்கண்ணீர்’ படத்தில் வரும் தாசி காந்தாவிடம் தெரிகிறது.