அரிதாரமும் அஞ்சனமும்

‘அரிதாரம் பூசுதல்’ என்னும் தொடரைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். ஒருவர் முதன்முதலாக நாடக மேடை ஏறினார் என்பதையே ‘அரிதாரம் பூசினார்’ என்று எழுதுகிறோம். அத்தொடரில் வரும் அரிதாரம் யாது என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே. அது மண்ணினின்று அகழ்ந்தெடுக்கும் ஒரு கனிமம். பொன்னையொத்த மஞ்சள் நிறமுடையது. ஆர்சனிக்கும் கந்தகமும் கூடி அமைந்தது. நம் சித்த மருத்துவ நூல்கள் அதனைப் பாஷாண வகையுள் வைத்து, சுத்தி செய்த பின்னரே மருந்திற் சேர்க்க வேண்டுமென விதிக்கின்றன. ஒப்பனைக்கு நம் மொழி அளித்த பெயரே ஒரு நஞ்சின் பெயராக இருக்கிறது. மனிதர் நாள்தோறும் முகத்திற் பூசிக்கொண்டவை யாவை, அவை கண்ணையும் கண்ணைச் சுற்றிய மெல்லிய தோலையும் என்ன செய்தன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இப்பொருளைப் பற்றிப் பேச நான் வாழும் அஸ்தினாபுரம் பொருத்தமற்ற இடமன்று. ஊரின் பெயரைச் சொன்னவுடன் கௌரவர் தலைநகரம் நினைவுக்கு வரும். பாரதக் கூத்தில் முகமெல்லாம் வண்ணமிட்டு, கண்ணைச் சுற்றிக் கருங்கோடு தீட்டித் திரைக்குப் பின்னிருந்து ஆரவாரத்துடன் வெளிப்படும் துரியோதனனும் நினைவுக்கு வருவான். அண்டை ஊராகிய குரோம்பேட்டையோ, தோலைக் குரோமிய உப்பினாற் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியினின்று பெயர் பெற்றது. மாட்டுத் தோலை மெருகேற்ற எத்தனை இரசாயன ஆராய்ச்சி! மனிதரின் உயிருள்ள தோலின்மேற் பூசுவனவற்றை ஆராய்வதற்கோ உலகம் நெடுங்காலம் காத்திருந்தது.

கண்ணைச் சுற்றிய தோலின் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம். உடலிலுள்ள தோலனைத்திலும் மெல்லியது இமைத்தோலே. அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். உள்ளங்காலின் தோல் அதனினும் பன்மடங்கு தடித்தது. பிற இடங்களில் தோலுக்கு அடியில் மெத்தைபோல் அமைந்திருக்கும் கொழுப்பு இங்கே இல்லையென்றே சொல்லலாம். ஆகையால் அடியில் ஓடும் குருதிக்குழாய்களும் தசையும் மேலே நிழலாடுகின்றன. கீழிமை கறுத்துத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். உறக்கக் குறைவு, பரம்பரை, முதுமை ஆகியனவும் உண்டு. நம் போன்ற மாநிறத்தாருக்கு மற்றொரு காரணம் முக்கியமானது. தோலை அடிக்கடி தேய்த்தாலும், பூச்சு ஏதேனும் ஒவ்வாமற் புண்படுத்தினாலும், அவ்விடத்தில் நிறமிப் பொருள் மிகுதியாகச் சுரந்து கருமை படிந்துவிடும். அக்கருமையை மறைக்க மேலும் பூசுவதும், பூசியதை அழிக்க மேலும் தேய்ப்பதுமாக அது ஒரு சுழலாகிவிடுகிறது.

கண்ணுக்கு மை எழுதும் வழக்கம் மிகப் பழமையானது. அரப்பா, மொகஞ்சதாரோ அகழ்வுகளில் மை தீட்டும் செப்புக் கோல்கள் கிடைத்துள்ளன. தமிழில் ‘உண்கண்’ என்றொரு சொல் உண்டு. மையை உண்ட கண் என்பது பொருள். கண்ணிற் பூசிய பொருள் கண்ணாலேயே உட்கொள்ளப்படுகிறது என்ற கருத்து அச்சொல்லில் அடங்கியிருக்கிறது; எவ்வளவு உண்மை! திருக்குறளின் காமத்துப்பாலில் இரு செய்திகள் வரலாற்று மாணவருக்குப் பயன்படும். 1127ஆம் குறளின் தலைவி, காதலர் தன் கண்ணுக்குள் இருப்பதால் மை தீட்டினால் அவர் மறைந்துவிடுவார் என அஞ்சுகிறாள். 1285ஆம் குறளில், மை எழுதும்போது எழுதும் கோலைக் கண் காண்பதில்லை என்ற செய்தி உவமையாக வருகிறது. மை எழுதுவதற்கெனக் கோல் வைத்திருந்தனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? இலக்கியச் சுவையோடு நின்றுவிடாமல், கண்ணுக்கு மிக அருகில் வரும் பொருளைக் கண்ணே காண இயலாது என்ற உடற்கூற்று உண்மையையும் கவனியுங்கள்.

எகிப்தியர் இத்துறையில் நமக்கு மூத்தவர். பச்சை நிறத்துக்கு மலக்கைட் என்னும் செம்புக் கனிமத்தையும், கருமைக்குக் கலேனா என்னும் ஈயக் கனிமத்தையும் அரைத்து இமைகளிற் பூசினர். பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்திலுள்ள பழைய மைக்குப்பிகளைப் பிரெஞ்சு வேதியியலார் ஆராய்ந்து, 1999ஆம் ஆண்டில் வியப்புக்குரிய முடிவொன்றை வெளியிட்டனர். அம்மையில் இயற்கையில் அரிதாகக் கிடைக்கும் ஈயக் குளோரைடு வகைகள் இருந்தன. அவற்றை எகிப்தியர் கி.மு. 2000 அளவிலேயே தாமே வேதியியல் முறையால் ஆக்கியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. அவ்வுப்புகள் மிகச் சிறிய அளவில் தோலின் நோயெதிர்ப்பைத் தூண்டி, நைல் வெள்ளக் காலத்துக் கண்ணோய்களைத் தடுத்திருக்கலாம் என 2010இல் ஓர் ஆய்வு கூறியது. இதைக் கேட்டு ஈய மையைப் புகழ ஆரம்பித்துவிடக் கூடாது. ஈயம் உடலிற் சேர்ந்துகொண்டே போகும் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும் என்பது ஐயமற நிலைநாட்டப்பட்ட செய்தி.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். நம் வீடுகளில் பாட்டிமார் செய்த மை, விளக்குப் புகைக்கரியாலானது. கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்து உலர்த்திய துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, கவிழ்த்த பித்தளைத் தட்டிற் படியும் கரியைச் சுரண்டி, நெய்யிலோ விளக்கெண்ணெயிலோ குழைப்பார்கள். அதில் ஈயம் சேர்ப்பதில்லை. ஆனால் அஞ்சனக்கல் என்றும் சுர்மா என்றும் கடைகளில் விற்கப்பட்ட தூளில் பெரும்பாலும் இருந்தது கலேனாவே. பச்சிளங் குழந்தைகளின் குருதியில் ஈயம் மிகுந்ததற்குச் சுர்மா காரணமாயிருந்ததை அமெரிக்க, ஆங்கிலேய மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். வீட்டு மையும் குற்றமற்றதன்று. ஒரே விரலால், ஒரே கோலால் வீட்டிலுள்ள குழந்தைகள் அனைவருக்கும் தீட்டியதனால், இமையின் உட்புறத்தைப் புண்ணாக்கிப் பார்வையைப் பறிக்கும் டிரக்கோமா நோய் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குத் தாவியது.

இனி நாள்தோறும் ஒப்பனை செய்துகொண்டவர்களைப் பார்ப்போம். இன்று கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் பெண்கள் செய்வதை அன்று செய்தவர்கள் கூத்தரும் நாடக நடிகருமே. அவர்களுள் பெரும்பாலோர் ஆடவர். அரிதாரத்தை நன்கு அரைத்து எண்ணெயிற் குழைத்து முகமெங்கும் பூசிக்கொண்டு, இரவு முழுதும் வியர்வை வழிய ஆடினர். ஒளியும் காற்றும் படப்பட அரிதாரம் மெல்லச் சிதைந்து வெள்ளைப் பாஷாணமாக மாறும் இயல்புடையது. கேரளத்துக் கதகளியில் மூன்று நான்கு மணி நேரம் மல்லாந்து படுத்து வேடமிட்டுக்கொள்ளும் நடிகர், இறுதியில் கத்தரி இனத்துப் பூவொன்றின் உட்பகுதியைக் கசக்கி உருட்டிய சிறு துணுக்கைக் கீழிமைக்குள் வைத்துக்கொள்வார். வெண்விழி செக்கச் சிவந்துவிடும். கலையின் பொருட்டுக் கண்ணையே பணயம் வைத்தல் என்பது இதுதான்.

என் மனத்தை மிகவும் வருத்துவது பாலர் நாடக சபைகளின் செய்தி. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கிய சபை முதலாகப் பல சபைகளிற் சிறுவர்களே அரசனாகவும் அரசியாகவும் நடித்தனர். தமிழ் நாடகம் அவர்களால் வாழ்ந்தது என்பதில் ஐயமில்லை. பள்ளியிற் படிக்க வேண்டிய வயதில் இரவுதோறும் முகத்தில் வண்ணம் பூசி, விடியற்காலையில் அதை அழித்து உறங்கிய பிள்ளைகளின் இளந்தோலை அக்காலத்தில் யார் நினைத்தனர்? ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவனாகையால் இக்கேள்வி எனக்கு எழாமல் இருப்பதில்லை.

எங்கள் தாம்பரம் மாநகராட்சிக்குள்ளேயே இருக்கும் பம்மல், நாடகப் பேராசிரியர் சம்பந்த முதலியாரின் பெயரோடு ஒட்டிய ஊர். அவர் 1891இல் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபையில் வழக்கறிஞர்களும் அலுவலர்களும் வேடம் பூண்டனர். தேச பக்தர் சத்தியமூர்த்தியும் அம்மேடையில் நடித்தவரே. இரவு வேடமிட்டு மறுநாள் நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய கனவான்கள், முகத்தில் வண்ணத்தின் சுவடு தெரியாமல் செல்லவே விரும்பியிருப்பர். கூத்தாடியை இழிவாகக் கருதிய காலத்தில் கற்றவர்கள் மேடை ஏறியதால் நடிப்பின் மதிப்பு உயர்ந்தது.

நஞ்சற்ற பூச்சுக்கான முயற்சியும் ஒரு நடிகரிடமிருந்தே வந்தது. லுட்விக் லெய்க்னர் என்னும் ஜெர்மானிய இசை நாடகப் பாடகர், ஈயம் கலவாத கொழுப்பு வண்ணங்களைச் செய்து 1873இல் பெர்லினில் தொழில் தொடங்கினார். அதற்கு முன் ஐரோப்பியச் சீமாட்டிகள் ஈய வெள்ளையைப் பூசி முகம் புண்பட்ட கதை நீண்டது. 1914இல் மாக்ஸ் ஃபாக்டர் திரைப்படத்துக்கென இளகிய பூச்சை ஆக்கினார். பின்னர் அவரது நிறுவனத்தின் பான்கேக் வந்தது. ஜெமினி ஸ்டூடியோவில் அது எவ்வாறு அள்ளி அள்ளிச் செலவாயிற்று என்பதை, அங்கே பணியாற்றிய எழுத்தாளர் அசோகமித்திரன் நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார்.

சட்டம் விழித்துக்கொண்டது தாமதமாகத்தான். அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டளவில் ‘லாஷ் லூர்’ என்னும் இமைச் சாயத்தால் பெண்கள் பார்வை இழந்தனர். அக்கொடுமை, அழகுப் பொருள்களையும் கட்டுக்குள் கொணர்ந்த 1938ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் தூண்டுகோல்களுள் ஒன்றாயிற்று. நம் நாட்டில் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டம், 1962இல் திருத்தப்பட்ட பின்னரே அழகுப் பொருள்களையும் தழுவியது. நிறமூட்டுவதற்காக ஈயத்தையோ ஆர்சனிக்கையோ சேர்த்தல் குற்றம். அழகுப் பொருள்களிற் சேரும் வண்ணங்களில் தற்செயலாகக் கலக்கும் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கும், ஆர்சனிக் 2 பங்குக்கும் மேற்படலாகாது. 2020ஆம் ஆண்டில் அழகுப் பொருள்களுக்கெனத் தனி விதிகளே வெளியாயின. அரிதாரம் என்னும் சொல்லை மொழியில் வைத்துக்கொண்டு, பொருளை முகத்தினின்று அகற்றிவிட்டோம். திருவிழாச் சந்தையில் பெயரும் உரிம எண்ணுமின்றி விற்கும் சுர்மாவைச் சட்டம் எட்டிப் பிடிப்பது கடினம். வாங்குவோர்தாம் விலக வேண்டும்.

பூச்சு நஞ்சற்றதாயினும், அதை அகற்றும் முறையால் தோல் கெடுவது உண்டு. கீழிமையின் விளிம்பில் இருபது முப்பது நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் வாய் திறந்திருக்கின்றன. கண்ணீர் விரைவில் உலராமற் காப்பது அவற்றின் எண்ணெயே. விளிம்பின் உட்புறத்தில் மையிழுத்தால் அவ்வாய்கள் அடைபடும். கண் உலர்ந்து உறுத்தும். உறுத்தும் கண்ணைக் கை தானே கசக்கும். ஆதலால் மையை இமைமயிரின் வெளிப்புறத்தோடு நிறுத்திக்கொள்வது நலம். இமைமயிருக்குப் பூசும் மஸ்காராவைத் திறந்து மூன்று மாதமானால் எறிந்துவிட வேண்டும்; தோழியரோடு பகிர்ந்துகொள்ளலாகாது. டிரக்கோமா பரவிய கதையை முன்னரே கூறினேன். எவ்வளவு களைப்பாயினும் பூச்சோடு உறங்கலாகாது. சோப்பு நுரையால் கண்ணைத் தேய்ப்பதும் தகாது. எண்ணெய்ப் பூச்சை நீர் கரைக்காது, எண்ணெய்தான் கரைக்கும்.

இதைக் கூத்தர் நூலேதும் படியாமலே அறிந்திருந்தனர். விடிந்ததும் உள்ளங்கையில் தேங்காயெண்ணெயை வார்த்து முகத்திற் பரப்பி, வண்ணம் இளகும்வரை பொறுத்திருந்து, மெல்லிய பழந்துணியால் ஒற்றி எடுத்த பின்னரே தண்ணீர் பக்கம் செல்வார்கள். செய்யாற்றை அடுத்த புரிசை முதலிய ஊர்களில் கூத்து இன்றும் நடைபெறுகிறது. கடையில் வாங்கிய தீங்கற்ற வண்ணத்தையே இக்காலத்தவர் பூசினாலும், அதைக் கலைப்பதற்கு எண்ணெய்க் கிண்ணமும் துணியுமே வேடமறையில் காத்திருக்கின்றன.