தீப்பொறி உதிர்க்காத கண்

மூதூர் இறங்குதுறையில் நின்று வடமேற்கே நோக்கினால் கொட்டியாரக் குடாவின் நீர்ப்பரப்பும் அதற்கப்பால் திருகோணமலைத் துறைமுகத்துக் குன்றுகளும் தென்படும். அங்கே சீனக்குடாவின் காட்டினுள், பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களுக்கு எரிநெய் சேமிப்பதற்காக 1920களிலும் 30களிலும் எழுப்பிய இரும்புத் தாங்கிகள் நூறளவில் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு விமானம் 91ஆம் இலக்கத் தாங்கியின் மீது வந்து வீழ்ந்தது. நாட்கணக்கில் எரிந்தது தீ.

அன்று தாங்கியைக் கொளுத்த ஒரு விமானம் வேண்டியிருந்தது. ஏனெனில் கடற்படை சேமித்தது எளிதில் ஆவியாகாத கனத்த எண்ணெய். பெற்றோலோ அப்படிப்பட்டதன்று. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து பள்ளங்களில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு கலந்துவிட்டாலே போதும், கண்ணுக்குத் தென்படாத மின்பொறி ஒன்று அதனை வெடிக்கச் செய்யும். அத்தகைய இடத்தைக் காவல் காக்க நாம் நிறுத்தும் கண்காணிப்புக் கமராவும் ஒரு மின்கருவிதானே? காவற்காரனே கொள்ளி சுமந்து வரலாமா?

இக்கேள்வி புதியதன்று. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் தம் உயிரைக் கொடுத்து எழுப்பிய கேள்வி இது. சுரங்க வாயுவில் தீப்பற்றாத விளக்கை 1815இல் ஹம்பிரி டேவி அமைத்தார். விஞ்ஞானத்தின் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் நடந்தது என்ன? முன்னர் எவரும் இறங்கத் துணியாத, வாயு மிகுந்த ஆழங்களுக்கும் அதே விளக்கைக் கொடுத்து முதலாளிகள் தொழிலாளரை இறக்கினர். விளக்கு பாதுகாப்பானது, விபத்துக்களோ தொடர்ந்தன.

வேல்சு நாட்டின் செங்கெனித் சுரங்கத்தில் 1913 அக்டோபர் 14 அன்று நேர்ந்த வெடிப்பில் 439 தொழிலாளர் மாண்டனர். சுரங்கப் பாதை நெடுகிலும் உறையற்ற இரு கம்பிகள் ஓடின. அவற்றை ஒன்றோடொன்று தொடச் செய்தால் மணி ஒலிக்கும். வண்டியை இழுக்கவோ நிறுத்தவோ அதுவே சைகை. சில மின்கலங்களின் சிறு மின்சாரந்தானே, தீங்கு என்ன என்று எண்ணினர். மணியின் சுருள் தன்னுள் சேர்த்து வைத்த ஆற்றல், தொடுப்பு அறும் கணத்தில் பொறியாகப் பாயும் என்பதை எண்ணவில்லை. அப்பொறியே காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை; எனினும் ஐயம் அதன்மீது வலுவாக விழுந்தது. அவ்வாண்டுகளின் ஆராய்ச்சியிலிருந்தே, வாயுவைப் பற்றவைக்கப் போதாத அளவுக்கு ஆற்றலையே கட்டுப்படுத்தும் முறை பிறந்தது. பொறி எழுந்தாலும் வெளியேறாதபடி கனத்த உலோகப் பெட்டிக்குள் கருவியை அடைப்பது மற்றொரு முறை. இன்று எண்ணெய்க் குதங்களில் பொருத்தப்படும் கமராக்களில் பெரும்பாலானவை இத்தகைய பெட்டிக்குள்ளிருந்தே பார்க்கின்றன. 439 உயிர்களுக்காகச் சுரங்க மேலாளருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 24 பவுண் என்பதையும் இங்கே குறித்து வைப்போம்.

இனி, கண் இருந்தும் பயனில்லாமற் போன கதை. இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் குதத்தில் 2005 டிசம்பர் 11 அதிகாலை, மட்டங்காட்டி அசையாது நின்றுவிட்டதால் ஒரு தாங்கி நிரம்பி வழிந்தது. வெண்ணிற மூடுபனி போல ஆவி பரவுவதைக் கமராக்கள் பதிவு செய்துகொண்டேயிருந்தன. ஏறக்குறைய இருபது நிமிடங்களின் பின், 6 மணி 1 நிமிடத்தில், வெடித்தது. ஆபத்தை உணர்ந்து குரலெழுப்பியோர் வெளியே நின்ற எண்ணெய் வண்டிச் சாரதிகள். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையாதலால் எவரும் மாளவில்லை. 43 பேர் காயமுற்றனர். கமராவின் பதிவுகள் பின்னர் விசாரணையாளருக்கு நன்கு பயன்பட்டன!

2009 அக்டோபர் 29இல் ஜெய்ப்பூரின் சீதாபுரத்தில் அந்த நல்லூழும் இல்லை. இந்தியன் ஓயில் நிறுவனத்தின் குதத்தில் பெற்றோல் பீறிட்டது. அடைக்க முயன்றவர் ஆவியில் மயங்கினார். காப்பாற்றச் சென்றவரும் வீழ்ந்தார். கட்டுப்பாட்டு அறையிலிருந்தபடியே வால்வை மூடும் வசதி இயங்கும் நிலையில் இல்லை. ஒரு மணி நேரத்திற்கும் மேலாக ஆவி பரவியபின் வெடித்தது. 11 பேர் மாண்டனர். நிர்வாகக் கட்டடத்திலிருந்த, தீக்காப்பற்ற மின்கருவியோ, கிளப்பப்பட்ட ஒரு வாகனமோ பொறி தந்திருக்கலாம் என்றது விசாரணைக் குழு.

அந்நிறுவனத்தின் கிளையான லங்கா ஐ.ஓ.சி.தான் சீனக்குடாவின் கீழ்த் தொகுதியை 2003 முதல் நடத்திவருகிறது. 2022 சனவரி ஒப்பந்தப்படி 14 தாங்கிகள் அதற்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டின் கூட்டு நிறுவனத்துக்குமாகப் பிரிந்தன. நெடுங்காலம் காடு மூடிக் கிடந்த தாங்கிகளில் மீண்டும் எண்ணெய் நிரம்புமானால், வேலை தேடிச் செல்வோரில் குடாவின் இக்கரைப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியர்கள் சில கேள்விகளையும் சொல்லியனுப்பலாம். கமரா வாயிற்கதவை நோக்கித் தொழிலாளி வந்த நேரத்தைக் கணக்கெடுக்கிறதா, வால்வை நோக்கி நிற்கிறதா? பழுது பார்த்தபின் அதன் பெட்டியின் ஆணிகள் யாவும் முறையாக முடுக்கப்பட்டனவா? (ஓர் ஆணி குறைந்தாலும் அப்பெட்டி வெறும் தகரமே.) அதிகாலை மூன்று மணிக்குத் திரையின் முன் அமர்ந்திருப்பவர் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார்? வெண்பனி போன்ற ஒன்றைக் கண்டால், மேலதிகாரியின் அனுமதிக்குக் காத்திராமல் பம்பை நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டா? நிறுத்தியபின் அது வெறும் பனிதான் என்று தெரிந்தால், மறுநாளும் அவருக்கு வேலை இருக்குமா?