கதைசொல்லி நிற்கும் இடம்

2015 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின வாரம். திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்து முடிந்திருந்தது. தம்மம்பட்டியில் ஒரு டீக்கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்து அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். மரச்சிற்பப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏங்க தம்பி, கதை கிதையெல்லாம் படிக்கிற ஆளு நீங்க. நம்ம பக்கத்துப் பொம்பளைங்களப் பத்தி இப்படி எழுதலாமா?" நான் திருப்பிக் கேட்டேன்: "புத்தகத்துல அதச் சொல்றது யாருங்க?" அவர் யோசிக்கவே இல்லை. "யாரா இருந்தா என்ன? எழுதுனவன்தான் சொல்றான்."

அவருக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளைப் படித்து வளர்ந்தவன் நான். தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' (1982) வந்ததிலிருந்து கதைசொல்லி வேறு, ஆசிரியன் வேறு என்று மாய்ந்து மாய்ந்து விவாதித்தோம். ரொலான் பார்த் 1967இல் அறிவித்த 'ஆசிரியனின் மரணம்' நமக்கு ஒரு கோட்பாடு. ஆனால் 2015 ஜனவரியில், நம் சமவெளியிலேயே, பெருமாள்முருகன் என்ற எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவரே அறிவிக்க வேண்டி வந்தது. பாரிஸில் வாசகனுக்கு விடுதலையாகச் சொல்லப்பட்ட மரணம் இங்கே ஊர்க்கட்டுப்பாட்டின் தண்டனையாக நிறைவேறியது. ஆகவே, கதைசொல்லி எங்கே நிற்கிறான் என்ற கேள்வியை வெறும் உத்திப் பிரச்சினையாக நான் இப்போது பார்ப்பதில்லை. இந்தப் பகுதியின் நாவல் வரலாற்றில் அது யாரைப் பற்றி யார் பேசலாம் என்கிற கேள்வி. அந்த வரலாற்றைச் சுருக்கமாகத் திரும்பிப் பார்க்கலாம்.

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வெளிவந்தது. விதவையான நாகம்மாள் கொழுந்தனிடம் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள். கேட்டது கொலையில் போய் முடிகிறது. இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு தந்த 1937ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களின் விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது 1941இல். அதற்கு மறு வருடம் நாகம்மாள் அதே நிலத்தைக் கேட்டு வந்து நிற்கிறாள். சட்டம் கைவிட்ட கோரிக்கையை நாவல் எடுத்துப் பேசியது என்று இன்று நாம் வாசிக்கலாம். ஆனால் பிரதியின் மொழி இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. நாகம்மாளும் கெட்டியப்பனும் பேசுவது கொங்குப் பேச்சு. கதைசொல்லி எழுதுவதோ பொதுத்தமிழ். வட்டார வழக்கு மேற்கோள் குறிக்குள் மட்டும் அனுமதிக்கப்பட்டது. வீட்டுக்குள் வரலாம், திண்ணை வரைக்கும் மட்டும் என்பது மாதிரி. கதைசொல்லி வெளியே நின்று பார்ப்பதால் அவனுக்குப் பாதுகாப்பு, ஊருக்கும் தொந்தரவில்லை.

எங்கள் ஊரிலிருந்து தென்மேற்கே பார்த்தால் கொல்லிமலை. அம்மலை மக்களின் போராட்டத்தை கு. சின்னப்ப பாரதி 'சங்கம்' (1985) நாவலில் எழுதினார். அவர் விவசாய இயக்கத்தில் வேலை செய்தவர். இதில் கதைசொல்லி மக்களின் பக்கம் வந்துவிட்டான். ஆனால் வரலாறு எங்கே போகிறது என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். பாத்திரங்கள் அதைக் கற்றுக்கொண்டு வந்து சேர வேண்டியவர்கள். எங்கள் பட்டறைகளில் தெய்வச் சிலைகளின் முகம் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கையில் சூலமா, சங்கா என்று பார்த்துத்தான் யாரென்று சொல்லுவோம். முற்போக்கு நாவலின் பாத்திரங்களையும் பல இடங்களில் அப்படித்தான் அடையாளம் காண்கிறோம். வட்டிக்காரனுக்கு ஓர் அடையாளம், தோழனுக்கு ஓர் அடையாளம். இதைக் குறையாக மட்டும் சொல்லிவிட முடியாது. மலைமக்களை வேடிக்கைப் பொருளாக்காமல் வரலாற்றின் கர்த்தாக்களாக நிறுத்த அவருக்கு அந்த அடையாளங்கள் தேவைப்பட்டன. ஆனால் அந்தக் கர்த்தாவுக்குக் குழப்பம், ஆசை, பொறாமை என்று தனக்கே தனக்கான ஓர் உள்மனம் உண்டா என்ற கேள்வி மிச்சமிருந்தது.

பெருமாள்முருகன் அந்த மிச்சத்திலிருந்து தொடங்குகிறார். 'ஏறுவெயில்' (1991) குடியிருப்பு வாரியத்துக்கு நிலம் பறிபோன குடும்பத்தை ஒரு சிறுவனின் பார்வையில் சொல்கிறது. 'நிழல்முற்றம்' (1993) திரையரங்கில் சோடா விற்கும் பையன்களின் வாழ்க்கையைத் துண்டு துண்டாகக் காட்டுகிறது. வளர்ச்சி, முடிவு என்று வரிசைப்படுத்த முடியாத வாழ்க்கைக்கு அந்தத் துண்டு வடிவம் பொருந்துகிறது. 'கூளமாதாரி'யில் (2000) கவுண்டர் பண்ணையில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவன் கூளையனுக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும் உலகம் தெரிகிறது. மேட்டுக்காட்டின் சொற்கள் மேற்கோள் குறியை உடைத்துக்கொண்டு கதைசொல்லியின் வாக்கியத்துக்குள் வந்துவிட்டன.

'மாதொருபாகன்' (2010) இந்த நகர்வின் எல்லை. பிள்ளையில்லாத காளி, பொன்னா இருவரின் மனங்களுக்குள் கதைசொல்லி மாறி மாறிப் போகிறான். தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் வழக்கம் பற்றி ஒவ்வொருவரும் நினைப்பதை அவரவர் நினைப்பாகவே விட்டுவிடுகிறான். காளி சம்மதித்துவிட்டான் என்று பொன்னாவை அவள் அண்ணன் நம்பவைக்கிறான். அது பொய்யென்பது வாசகருக்குத் தெரியும், பொன்னாவுக்குத் தெரியாது. இது சரி, இது தப்பு என்று சொல்ல நாவலுக்குள் ஒரு குரலும் இல்லை. இந்த உத்திதான் வம்பாயிற்று என்று நினைக்கிறேன். நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லும் கதைசொல்லி விலகிக்கொண்டதும், பாத்திரத்தின் நினைப்பு ஊரின்மேல் சுமத்தப்பட்ட சாட்சியமாகவும், எழுத்தாளன் சாட்சி சொன்னவனாகவும் வாசிக்கப்பட்டார்கள். வெளியாள் தமிழில் எழுதியிருந்தால் கதை என்று விட்டிருப்பார்கள். அவர்கள் வீட்டுத் தமிழிலேயே எழுதியதால் காட்டிக்கொடுத்ததாகிவிட்டது.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் நாவலுக்கு எதிரான மனுக்களைத் தள்ளுபடி செய்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் எழுதி வாங்கிய ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. அதற்கு முன்பே இரண்டு தொடர்ச்சிகள் வந்திருந்தன. 'ஆலவாய'னில் காளி செத்துப்போகிறான், 'அர்த்தநாரி'யில் பிழைத்திருக்கிறான். ஒரே முடிவிலிருந்து இரண்டு வாழ்க்கை. இது நடந்த சம்பவத்தின் அறிக்கை இல்லை, புனைவு என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? தீர்ப்புக்குப் பின் வந்த 'பூனாச்சி'யின் (2016) நாயகி ஒரு வெள்ளாடு. மனிதர்களைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது என்கிறது முன்னுரை. அந்த ஆட்டின் கதையை நான் தணிக்கையின் வரலாறாகவும்தான் வாசித்தேன்.

ஆனால் நெருக்கத்துக்கும் எல்லை உண்டு. கூளையனின் மனசுக்குள் போகும் கதைசொல்லியை உருவாக்கியவர் நிலவுடைமைச் சாதியிலிருந்து வந்தவர். பாமாவின் 'கருக்'கில் (1992) யாரும் யாருக்குள்ளும் போகத் தேவையில்லை. சொல்பவளும் வாழ்ந்தவளும் ஒருத்தி, மொழியும் ஒன்று. சேலம் நாமக்கல் சமவெளி நாவலில் கூளையனே கதைசொல்லியாக வரும்போது இந்த வரலாறு மறுபடி எழுதப்பட வேண்டியிருக்கும்.

'பூக்குழி' (2013) இந்த எல்லையை வேறு மாதிரி தொடுகிறது. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு வந்த சரோஜாவை ஊரே என்ன சாதி என்று துருவுகிறது. கதைசொல்லி கடைசி வரை சொல்வதில்லை. தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்ட நாவல் அது. எழுத்தாளன் செத்ததாக அறிவித்து ஐந்து மாதத்தில், 2015 ஜூனில், அதே திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் ஒரு தோழியுடன் பேசிக்கொண்டிருந்த ஓமலூர் கோகுல்ராஜ் கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022இல் ஆயுள் தண்டனைகள் விதித்தது. ஒரு பாத்திரத்தின் நினைப்புக்காகக் கடையடைத்த ஊர் இந்தக் கொலைக்கு எத்தனை நாள் கடையடைத்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

பட்டறைப் பெரியவருக்கு அந்த மாசமே புத்தகத்தைக் கொடுத்தேன். ரொம்ப நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். "அந்தப் புள்ள பாவம்ங்க. அவகிட்ட மட்டும் ஒருத்தனும் நெசத்தச் சொல்லலியே" என்றார். கொஞ்ச நேரம் உளியைத் தீட்டிக்கொண்டிருந்துவிட்டு, "ஆனாலும் ஊர்ப் பேரப் போடாம எழுதியிருக்கலாம்" என்றார். முதல் வாக்கியத்தைச் சொன்னவர் வாசகர். இரண்டாவதைச் சொன்னது ஊர். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்ததால்தான் அவரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.