இமை மறுசீரமைப்பு அறுவை

அழகுக்காகச் செய்த இமை அறுவையில் நேர்ந்த குறையைத் திருத்தும் சிகிச்சை இது. இதில் கத்தியைவிடப் பொறுமையே முக்கியம். வீக்கமும் தழும்பின் இறுக்கமும் தணியச் சுமார் 6 மாதம் ஆகும். தொடக்கத்தில் உறுத்தும் ஏற்றத்தாழ்வு பலருக்குத் தானாகவே குறைந்துவிடும். மிஞ்சிய தோலைப் பிறகும் எடுக்கலாம். அளவுக்கு மீறி எடுத்ததை ஈடுசெய்வதுதான் பெரும்பாடு. புருவத்துக்கும் இமைமயிருக்கும் இடையே ஏறத்தாழ 20 மி.மீ. தோல் எஞ்சாவிட்டால் கண் முழுதாக மூடாமல் போகலாம். அப்போது மற்ற இமையிலிருந்தோ காதின் பின்புறமிருந்தோ தோல் எடுத்து ஒட்டுவார்கள். ஆனால் இமைத்தோலின் மென்மை காதுத்தோலுக்கு வராது. கீழிமை வெளிப்புறம் மடங்கினால் வெளிமூலைத் தசைநாரை இறுக்கிக் கட்டுவதுண்டு.

கோணிய முகத்தோடு அரையாண்டு காத்திருப்பது கொடுமை என்பார்கள், நியாயம்தான். ஆனாலும் முதிராத தழும்பில் அவசரப்பட்டு வெட்டினால் குறை கூடவும் கூடும். இடைக்காலத்தில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் களிம்பும் கண்ணைக் காக்கும். விதிவிலக்கும் உண்டு: கருவிழி உலர்ந்து புண்ணானால் காத்திருக்கக் கூடாது. அறுவை முடிந்த கையோடு கடும் வலி, கண் பிதுங்கல், பார்வை மங்கல் வந்தால் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிவதாகச் சந்தேகிக்க வேண்டும். அப்போது உடனே அருகிலுள்ள அவசரப் பிரிவுக்கு ஓடவேண்டும். நிதானமான திருத்தத்துக்கு மதுரை அரவிந்த் (தொடக்கம் 1976), சென்னை சங்கர நேத்ராலயா (தொடக்கம் 1978) ஆகிய மருத்துவமனைகளில் இமைச் சீரமைப்பும் செய்யும் பிரிவுகள் உள்ளன.